மன அதிர்ச்சி நோய்க்கு ராணுவ ஊன ஓய்வூதியம்: வழக்கு எந்தத் தாளில் தோற்கிறது?

குண்டடி பட்டுக் காலை இழந்தவருக்கு ஊன ஓய்வூதியம் வாங்குவதில் அலைச்சல் இருக்கலாம், தகராறு குறைவு. காயம் கண்ணுக்குத் தெரிகிறது, இஞ்சுரி ரிப்போர்ட் இருக்கிறது. மனதில் பட்ட காயத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. தூக்கமின்மை, பட்டாசுச் சத்தத்துக்குப் பதுங்குவது, செத்த தோழனின் முகம் திரும்பத் திரும்ப வருவது என்று வாழும் முன்னாள் படைவீரருக்கும், பிடிஎஸ்டி (மன அதிர்ச்சி நோய்) என்று நோய் பெயரிடப்பட்டால், கால் இழந்தவருக்குப் பொருந்தும் அதே விதிகள்தான். ஆனால் அவருடைய கோரிக்கையின் தலைவிதி பென்ஷன் அலுவலகத்தில் எழுதப்படுவதில்லை. படையிலிருந்து வெளியேறும்போது கூடும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழுவின் படிவத்தில், ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற அந்தத் தாள்களில், பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

முதலில் யாருக்கு என்பதைச் சொல்லிவிடலாம். தரைப்படை, கடற்படை, விமானப்படையில் இருந்தவர்களுக்கே இந்த விளக்கம். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற படையினருக்கு வேறு விதிகள் உண்டு, ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் அவர்களுக்கு இல்லை. அக்னிவீரர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. பணியால் வந்த ஊனத்துக்கு ஒருமுறை இழப்பீடு மட்டும்: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம் ரூபாய்.

மற்றவர்களுக்கு நிபந்தனை இரண்டு. நோய் ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் முற்றியிருக்க வேண்டும். இந்த இரண்டில் எது என்றாலும் ஊனக்கூறின் தொகை ஒன்றே. அடுத்தது, ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நோய் பணியால் வரவும் இல்லை, முற்றவும் இல்லை என்று போர்டு எழுதினால் அதைப் படைவீரர்கள் ‘என்.ஏ.என்.ஏ.’ என்று சுருக்கிச் சொல்வார்கள். மனநோய்க் கோப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் நான்கு எழுத்துகள் அவைதான்.

தொகை எவ்வளவு

ஊன ஓய்வூதியம் என்பது பணிக்கூறு, ஊனக்கூறு என்ற இரண்டின் கூட்டு. பணிக்கூறு வழக்கமான பென்ஷன் போன்றது. பணியால் வந்த நோய்க்காகப் போர்டு அவுட் ஆனவருக்கு, அதாவது தகுதியில்லை என்று பணிக்காலம் முடியும் முன்பே அனுப்பப்பட்டவருக்கு, 15 ஆண்டு சர்வீஸ் இல்லாவிட்டாலும் அது உண்டு. ஊனக்கூறு, 100 சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். அடிப்படை ஊதியம், எம்எஸ்பி (ராணுவப் பணி ஊதியம்) முதலியவை சேர்த்துக் கடைசி ஊதியம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு ஊனக்கூறு 18,000. போர்டு 40 சதவீதம் என்று எழுதியிருந்தால் அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். எனவே 9,000 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி.

உயர்த்தும் கணக்கு இது: 20 முதல் 49 வரை 50 ஆகும், 50 முதல் 75 வரை 75 ஆகும், அதற்கு மேல் 100. முன்பு இது போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும் இருந்தது. பணிக்காலம் முடிந்து ஊனத்தோடு வெளியேறியவருக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் வெளியேறிப் பழைய சதவீதத்திலேயே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் பிபிஓவை (ஓய்வூதிய ஆணையை) எடுத்துப் பார்ப்பது நல்லது. எதிரியோடு மோதலிலோ கலக ஒடுக்கு நடவடிக்கையிலோ ஏற்பட்ட ஊனம் போர்க்காயமாக வகைப்படுத்தப்பட்டால், பணிக்காலம் முடித்தவருக்கு 30 சதவீதம் 60 ஆகிறது. ஆனால் பேட்டில் கேஷுவால்டி (போரில் பாதிக்கப்பட்டவர்) என்று யூனிட் அப்போதே அறிக்கை அனுப்பியிருக்காவிட்டால், மனநோய்க்கு அந்த வகையைப் பெறுவது மிகக் கடினம்.

மருத்துவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்

ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் குறித்த கையேடு ஒன்று உண்டு. 2023இல் புதிய கையேடு வந்துவிட்டது; அதற்கு முன் வெளியேறியவர்களுக்கு, 2002இல் வந்து 2008இல் திருத்தப்பட்ட கையேட்டின் 54ஆம் பத்தி மனநோய்களுக்கானது. கோரிக்கை வைப்பவர் படிக்க வேண்டிய முதல் பக்கம் அதுவே. போர்முனை, கலக ஒடுக்குப் பகுதி, உயர்மலைப் பகுதி, ஆளரவமற்ற தனிக்காவல் நிலை, கப்பல் பணி ஆகியவற்றில் இருக்கும்போது மனநோய் தொடங்கினால் அது பணியால் வந்தது என்று ஏற்க வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த ராணுவ வண்டி விபத்து, விமான விபத்து, நீர்மூழ்கி விபத்து ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. நிலநடுக்கம், சுனாமி மீட்புப் பணியில் அழுகிய உடல்களை எடுத்தவர்களையும் அந்தப் பத்தி பெயர் சொல்லிக் குறிக்கிறது. பணியில் ஏற்பட்ட கடுங்காயத்துக்குப் பின் ஓராண்டுக்குள் வரும் மனநோயும் பணியால் வந்ததே. பிடிஎஸ்டி என்ற சொல் அந்த இடத்தில் நேரடியாகவே வருகிறது.

பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. பணி நெருக்கடியால் விடுப்பு மறுக்கப்பட்டு, அதன் பின் மூன்று மாதத்துக்குள் நோய் தொடங்கினால், பணியால் முற்றியது என்று கருதலாம். எல்லா விடுப்புக்கும் இது பொருந்தாது. மனைவி அல்லது பிள்ளையின் சாவு, ஒரே மகனாக இருக்கும்போது பெற்றோர் சாவு, குடும்பத்தினர் மீது கொலை, கொள்ளை போன்ற குற்றம், வீட்டை உலுக்கிய புயல், தகப்பன் இல்லாத வீட்டில் ஒரே அண்ணனாக நடத்த வேண்டிய தங்கை கல்யாணம் போன்றவை. விடுப்பு விண்ணப்பத்தின் நகலை யாரும் வைத்திருப்பதில்லை. வைத்திருந்தால் அது பணமாகும் தாள்.

நோய் கண்டறியப்பட்டு, இன்ன வேலைதான் தரலாம் என்ற கட்டுப்பாட்டோடு லோ மெடிக்கல் கேட்டகிரியில் (தாழ்ந்த உடல்தகுதி வகையில்) இருப்பவரை மீண்டும் ஃபீல்டுக்கு, அதாவது போர்முனை போன்ற பகுதிக்கு, அனுப்பி நோய் மோசமானாலும் அதே பலன் உண்டு.

எங்கே கெடுகிறது

பெரும்பாலான மறுப்புகளின் காரணம் ஒரே வரி: “நோய் பீஸ் ஸ்டேஷனில் (போர்ப்பணி இல்லாத அமைதிப் பகுதியில்) தொடங்கியது, ஃபீல்டு பணியோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை.” பிடிஎஸ்டியின் இயல்புக்கே நேர் எதிரான வரி இது. காஷ்மீரின் குப்வாராவில் இரண்டு ஆண்டு இருந்த சிப்பாய் அங்கே இருக்கும்வரை சமாளித்துவிடுவார். ஜபல்பூருக்கு மாற்றலாகி எட்டு மாதம் கழித்து, அமைதியான இரவில்தான் உடைவார். எம்ஐ ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறையில்) முதல் பதிவு ஜபல்பூரில் விழும். போர்டு அந்தத் தேதியைத்தான் பார்க்கும். ஆகவே ஃபீல்டில் இருந்தபோதே தூக்கமில்லை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று எம்ஐ ரூமுக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டுகள் தங்கம். மனநல மருத்துவரிடம் முதல் தடவை பேசும்போதே எந்த நிகழ்வு, எந்த இடம், எந்த மாதம் என்பதைச் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் நிகழ்வு பதியாமல் அறிகுறி மட்டும் பதிந்தால், பிற்பாடு எந்த வக்கீலாலும் அதைச் சேர்க்க முடியாது.

அடுத்த இடறல் நோயின் பெயர். பிடிஎஸ்டிக்கு எஃப் 43.1 என்ற குறியீடு. அதையடுத்த 43.2 அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர், வாழ்க்கை மாற்றத்துக்கு ஒத்துப்போக முடியாத நிலை. ஒரு புள்ளிக்குப் பின் வரும் எண் மாறினால், ‘வீட்டுப் பிரச்சினை’ என்று கோப்பை மூட வழி கிடைத்துவிடும். இன்னும் மோசம் எஃப் 10.2, மதுச் சார்பு நோய். இரவில் தூங்கக் குடித்தவர் குடிநோயாளி என்ற பெயரோடு மட்டும் வெளியேறினால், தானே வரவழைத்துக்கொண்டது என்று சொல்லி மறுப்பார்கள். குடிக்கு முன்பே அறிகுறிகள் இருந்ததை மருத்துவரிடம் வரிசைப்படி சொல்லி, இரண்டு நோயும் தனித்தனியாகப் பதியப்படுகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, யூனிட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் ஏஎஃப்எம்எஸ்எஃப்-10 அறிக்கை. கமாண்டிங் ஆபீசர் எழுதுவது. ‘யூனிட்டில் எந்த நெருக்கடியும் இல்லை, குடும்பத் தகராறு இருந்ததாகத் தெரிகிறது’ என்று இரண்டு வரி அதில் இருந்தால் போர்டு அதையே சாய்ந்துகொள்ளும். நோயாளி இந்த அறிக்கையை அநேகமாகப் பார்ப்பதே இல்லை.

நான்காவது வீரர் தாமே செய்வது. படிவத்தின் முதல் பகுதி அவருடைய சொந்த வாக்குமூலம். நோய்க்குக் காரணம் என்று நீங்கள் நினைக்கும் பணி நிகழ்வுகளைத் தருக என்று அதில் கேட்பார்கள். கிளார்க் ‘நில்’ என்று நிரப்பித் தருவார், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இவர் கையெழுத்துப் போடுவார். அந்த ‘நில்’ இருபது ஆண்டு கழித்தும் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வாதமாக நிற்கும். நான்கு வரியாவது சொந்தக் கையால் எழுதுங்கள்: இடம், மாதம், நிகழ்வு, முதல் அறிகுறி. ‘குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா’ என்ற கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டாம். தூரத்து மாமா ஒருவர் என்றால் தூரத்து மாமா என்றே எழுதுங்கள், வெறும் ‘ஆம்’ போதாது.

புரொமோஷன் போய்விடும் என்று நோயை மறைத்துக் காலம் கழிப்பவர்களும் உண்டு. அச்சம் நியாயமானதே. ஆனால் எந்தப் பதிவும் இல்லாமல் வெளியேறினால் பின்னால் கதவு மிக ஒடுக்கமாகிவிடும். முழுக்க அடைபடவில்லை: 2008 விதிகளின்படி, வெளியேறி ஏழு ஆண்டுக்குள் தோன்றிய நோய், பணிக்காலத்திலேயே வேர்விட்டது என்று ராணுவ மருத்துவ அதிகாரம் ஏற்றுக்கொண்டால், கோரிக்கை செல்லும்.

மறுத்த பிறகு

கடிதம் வந்தவுடன் செய்ய வேண்டியது, போர்டு நடவடிக்கையின் முழு நகலைப் பெறுவது. ரெக்கார்ட் ஆபீஸுக்கு (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்) 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். ஏஎஃப்எம்எஸ்எஃப்-16, ஏஎஃப்எம்எஸ்எஃப்-10, மனநல மருத்துவரின் கருத்து, போஸ்டிங் விவரம், சேர்ந்தபோதான மருத்துவப் பரிசோதனை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘எல்லா ஆவணமும்’ என்று கேட்டால் டிஸ்சார்ஜ் புக் நகல்தான் வரும்.

மறுப்புத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் குடியிருப்பவர் சென்னை அமர்வில் மனு போடலாம், வேலை பார்த்தது லடாக்கில் என்றாலும் பரவாயில்லை. இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதம் கெடு. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் காலம் கடந்தது என்று மட்டும் சொல்லித் தள்ளுவது அரிது. ஆனால் 2008ஆம் ஆண்டின் தர்செம் சிங் தீர்ப்புப்படி, தாமதமாக வருபவருக்கு நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டுமே. பதினைந்து ஆண்டு யோசித்தவர் பன்னிரண்டு ஆண்டுப் பணத்தை இழக்கிறார். இன்னொரு இழப்பும் உண்டு: 15 ஆண்டு கடந்து ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டால், நிரூபிக்கும் சுமை வீரர் தலையில் விழும் என்கிறது 2008 விதி.

தீர்ப்பாயத்தில் பெரிய ஆயுதம் 2013 ஜூலையில் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. சேரும்போது நோய் பதியப்படாவிட்டால் அவர் ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பணியோடு தொடர்பில்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும், ஐயத்தின் பலன் வீரருக்கே என்றது அது. அதை மட்டும் நம்பிப் போகவும் கூடாது. அந்தத் தீர்ப்பு 1982ஆம் ஆண்டு விதிகளின் மேல் நிற்கிறது. 2008 விதிகள் சேரும்போதைய பரிசோதனை மேலோட்டமானதே, மறைந்திருக்கும் நோயைக் காட்டாமல் போகலாம் என்று சொல்லி அந்த அனுமானத்தைத் தளர்த்தின. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில், படையில் சேர்க்கும்போது மனநோயைக் கண்டறிய முடியாமல் போகலாம், தரப்பட்ட பணி அந்த நோயை உண்டாக்கும் அளவு நெருக்கடியானதா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தை மறுத்தது. 2023 செப்டம்பர் 21 முதல் இன்னும் புதிய விதிகள் வந்துவிட்டன. பணிக்காலம் முடித்து வெளியேறுபவருக்குத் தருவதன் பெயரே இப்போது இம்பேர்மென்ட் ரிலீஃப் (ஊன நிவாரணம்). நீங்கள் வெளியேறிய தேதி எந்த விதிக்குள் வருகிறது என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

சதவீதம் 20க்குக் கீழே, 15–19 என்று எழுதப்பட்டிருந்தால் வெளியேறிய விதம் முக்கியம். நோயைக் காட்டிப் போர்டு அவுட் செய்திருந்தால், வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு ஊனம் 20 இல்லை என்று சொல்ல முடியாது என்பது 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் சொல்லப்பட்டது. பணிக்காலம் முடித்து வந்தவருக்கு இந்த வாதம் உதவாது.

வழக்கு நடக்கும் காலத்தில் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடம்புக்கும் கேடு, கோப்பிலும் ஓட்டை விழும். பென்ஷன் வாங்குபவர்கள் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவரிடம் பரிந்துரை பெறலாம். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மேல்முறையீட்டு மனு எழுத வழிகாட்டுவார்கள்.

ஆணை சாதகமாக வந்து புதிய பிபிஓ கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: உயர்த்தப்பட்ட சதவீதம் பதிந்திருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து, ‘வாழ்நாள் முழுதும்’ என்று இருக்கிறதா அல்லது இரண்டு ஆண்டுக்கு மட்டுமா. நிரந்தரமல்லாத ஊனம் என்றால் மறுமதிப்பீடு ஒரே ஒரு முறைதான் உண்டு, அதில் வரும் சதவீதமே ஆயுளுக்கும். அந்த ஒரு நாளைக்கு, கடந்த ஆண்டுகளின் மருந்துச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.