சமதானி

தமிழ்நாட்டில் ஐசோடோப்பு எனப்படுவதை இலங்கையில் நம் பாடநூல்கள் சமதானி என்கின்றன: புரோத்தன் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூத்திரன் எண்ணிக்கை வேறாகவும் உள்ள, ஒரே மூலகத்தின் அணுக்கள். கொழும்புப் பிள்ளைகள் சிலர் முற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘சம திணிவுள்ள அணுக்கள்’ என்று விடை எழுதிவிடுகிறார்கள். இங்கே சமமில்லாதது திணிவுதான்.

கணித வினாத்தாளில் ‘இரண்டு தசமதானங்களுக்கு’ என்று வருமே, அதே தானம். ஸ்தானம் தமிழில் தானமாயிற்று, பொருள் இடம். (கொடையைக் குறிக்கும் தானத்துக்கு வேர் வேறு.) சிங்களத்திலும் சமஸ்தானிக என்பார்கள். மூலமான கிரேக்கத்தில் ஐசொஸ் என்றால் சமம், டொபொஸ் என்றால் இடம். மருத்துவர் மார்கரெட் டொட் சொல்லிக்கொடுத்த இப்பெயரை இரசாயனவியலாளர் பிரெடரிக் சொடி 1913இல் வெளியிட்டார்.

எந்த இடம்? மூலகங்களைப் புரோத்தன் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும் ஆவர்த்தன அட்டவணையில் உள்ள இடம். ஈயம் முதல் யுரேனியம் வரை 11 இடங்களே உண்டு. கதிர்த்தொழிற்பாடுள்ள (தாமாகவே கதிர் வீசும்) புதிய பொருள்களோ அதைவிடப் பன்மடங்கு கிடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே பல பொருள்கள் ஒரே இடத்தில் அமர வேண்டியதாயிற்று. இதில் இலங்கைக்கும் பங்குண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கனியம் தோரியனைட்டு. இலங்கையிலிருந்து போன அந்தக் கனியத்தில்தான் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஒட்டோ ஹான் 1905இல் இலண்டனில் ரேடியோதோரியம் என்ற கதிர்வீசும் பொருளைக் கண்டார். தோரியத்தோடு கலந்துவிட்டால் அதை எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. காரணம், அதுவும் தோரியமே: இரண்டிலும் புரோத்தன்கள் 90, நியூத்திரன்கள் ரேடியோதோரியத்தில் 138, வழமையான தோரியத்தில் 142.

இரசாயன இயல்பைத் தீர்மானிப்பவை இலத்திரன்கள்; அவற்றின் எண்ணிக்கை புரோத்தன்களைப் பொறுத்தது. ஆகவே உப்பிலுள்ள அயடீன்-127க்கும் சிகிச்சைக்குக் கொடுக்கும் அயடீன்-131க்கும் தைரொயிட்டுச் சுரப்பி வேறுபாடு காண்பதில்லை, இரண்டையும் உறிஞ்சும். பின்னது மட்டும் 8 நாளுக்கொரு முறை பாதியாகத் தேய்ந்து, உள்ளிருந்தே கதிர் வீசும்.

தனித்தமிழில் ஓரிடத்தான் என்ற சொல்லும் உண்டு. பொருள் உடனே துலங்குவதால் கற்பிக்க அதுவே மேல். பரீட்சையில் சமதானி என்றே எழுதுங்கள்.

சமதானி என்றாலே கதிர்வீசும் என்று எண்ணுவது இன்னொரு பிழை. காபன்-12, காபன்-13 இரண்டும் உறுதியானவை. காபன்-14இல் (திணிவெண், அதாவது புரோத்தன்களும் நியூத்திரன்களும் சேர்ந்த தொகை, 14; அதில் புரோத்தன்கள் 6; 14 − 6 = 8 நியூத்திரன்கள்) ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி பீற்றாத் துணிக்கை (ஓர் இலத்திரன்) வெளியேறும். அணுவெண் (புரோத்தன்களின் எண்ணிக்கை) 7 ஆகிவிட்டதால் அது இப்போது நைதரசன்-14. திணிவெண் மாறவில்லை, இடம் மாறிவிட்டது. இனி அது காபனின் சமதானி அல்ல.