தலையில் சின்ன அடி, வீட்டில் வார்ஃபரின்

சுங்கை சிப்புட்டில் எங்கள் பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு சனிக்கிழமை காலை. தண்ணித் தொட்டியின் விளிம்பில் பின்மண்டை பட்டது. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் மட்டும். பெரியம்மா கோடாலித் தைலம் தடவிவிட்டார். "ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா பசியாறப் போய்விட்டார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் அவர் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த மாத்திரையையும் இந்த வீக்கத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

'ரத்தம் மெலியும் மாத்திரை' என்கிறோம். உண்மையில் ரத்தம் தண்ணியாவதில்லை, உறைய எடுக்கும் நேரம்தான் கூடுகிறது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெட்டுக்கோட்டில் வடியும் பால் கொஞ்ச நேரத்தில் தானாக உறைந்து கோட்டை அடைத்துக்கொள்ளும். வாளிப் பாலில் அமோனியா கலந்தால் அது கட்டியாகாமல் தொழிற்சாலை வரைக்கும் போய்ச் சேரும். வார்ஃபரினும் அப்படித்தான் கட்டவிடாமல் வைக்கிறது, ஆனால் அதன் வழி வேறு. உறைவதற்குத் தேவையான 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே துணையோடு செய்கிறது. ஒருமுறை பயன்பட்ட அந்த வைட்டமினைப் புதுப்பிக்கும் நொதியை வார்ஃபரின் தடுத்துவிடும். (முருங்கைக்கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று மருந்தாளுநர் சொல்வது இதனால்தான்.) ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு மருந்து சாப்பிடாதவருக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். பெரியப்பா போன்றவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள்.

சரி, தலைக்குள் என்ன நடக்கிறது? மூளையின் மேற்பரப்பிலிருந்து அதைச் சுற்றியுள்ள தடித்த உறைக்கு மெல்லிய சிரைகள் பாலம் போல ஓடுகின்றன. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோடு சுருங்காது. அதனால் இந்தச் சிரைகள் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நிற்கும். தலை எங்காவது மோதும்போது ஓடு நின்றுவிட, உள்ளே மூளை ஒரு கணம் நகர்ந்துவிடும். அந்த இழுப்பில் ஒரு சிரை கிழிந்தால் போதும். வெளியே வீங்கியது பெரிதா சிறிதா என்பதற்கும் உள்ளே கிழிந்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். அந்தச் சிரையை மாத்திரை கிழிப்பதில்லை. கிழிந்த இடத்தை அடைக்க வேண்டிய ரத்தக்கட்டி உருவாவதைத்தான் அது தாமதப்படுத்துகிறது. மற்றவருக்குச் சில நிமிடத்தில் நிற்கும் கசிவு, இவருக்கு மணிக்கணக்கில் நீளக்கூடும்.

கசிய ஆரம்பித்ததும் ஆள் சுருண்டு விழுந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டோம். அப்படி நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். மண்டைக்குள் மூளை, அதைச் சுற்றிய நீர், ரத்தம் மூன்றும் இருக்கின்றன. புதிதாக ரத்தம் சேரும்போது நீரும் சிரை ரத்தமும் வெளியேறி இடம் விட்டுக்கொடுக்கும். அதுவரை ஆள் பேசுவார், நடப்பார், தேநீர் குடிப்பார். விட்டுக்கொடுக்க இடம் தீர்ந்ததும் அழுத்தம் மளமளவென்று ஏறும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு எல்லாம் அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் 999-ஐ அழைக்க யோசிக்கவே கூடாது.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், தலையில் அடிபட்டு வந்த வார்ஃபரின் நோயாளிகள் 724 பேரில் முதல் சிடி ஸ்கேனிலேயே ரத்தக்கசிவு தெரிந்தது 37 பேருக்கு. முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்த 687 பேரில் பிறகு கசிந்தது 4 பேருக்குத்தான். அதே ஆய்வில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஒட்டவிடாத குளோபிடோகிரல் என்ற இதய மாத்திரை சாப்பிட்ட 276 பேரில் 33 பேருக்குக் கசிவு இருந்தது. 'எனக்கு வெறும் ஹார்ட் மாத்திரைதான்' என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டாபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புது மருந்துகளில் மூளைக் கசிவு வார்ஃபரினைவிடக் குறைவு. குறைவுதான், இல்லாமல் போகவில்லை.

நேரத்தோடு தெரிந்தால் வார்ஃபரினின் வேலையைத் திருப்பலாம். வைட்டமின் கே ஊசி போட்டாலும் கல்லீரல் புதிதாகப் புரதம் செய்யச் சில மணி நேரம் பிடிக்கும். அவசரமென்றால் அந்தப் புரதங்களையே செறிவாக ஏற்றுவார்கள், நிமிடங்களில் வேலை செய்யும். அதற்கு, அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அப்புறம் இன்னொன்று. வலிக்கு ஆஸ்பிரினோ பொன்ஸ்தானோ கொடுக்காதீர்கள், கசிவு இன்னும் கூடும். பயந்துபோய் வார்ஃபரினை நாமாக நிறுத்துவதும் ஆபத்து, பக்கவாதத்தைத் தடுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

பெரியப்பாவை மறுநாள் கிளினிக்கில் காட்டினோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "பிரஷர் மாத்திரை" என்றார் பெரியப்பா. பக்கத்தில் நின்ற நாங்களும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, நடக்கும்போது இடது கால் சிலிப்பர் மட்டும் கழன்று கழன்று விழ ஆரம்பித்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. வயசாகிவிட்டது என்று நினைத்தோம். ஈப்போவில் ஸ்கேன் எடுத்தபோது வலது பக்கம் பிறை வடிவத்தில் ரத்தம் தேங்கியிருந்தது. பழைய ரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு சவ்வைக் கட்டுகிறது. அந்தச் சவ்வில் முளைக்கும் புது நாளங்கள் பலவீனமானவை, அவையும் கசிகின்றன. அதனால்தான் வாரக்கணக்கில் மெல்ல வளர்ந்திருக்கிறது.

மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்தார்கள். மோட்டார் எண்ணெய் மாதிரி கறுப்பாக வந்தது என்றார் தாதி. மறுநாள் இடது காலை அவரே தூக்கிக் காட்டினார். வார்ஃபரினை எப்போது மீண்டும் தொடங்குவது என்று மருத்துவர்கள் பிறகு முடிவு செய்தார்கள். இப்போது அவர் பர்ஸில், ஐ.சி.க்கு முன்னால், பெரியம்மா மடித்து வைத்த ஒரு சீட்டு இருக்கிறது. அதில் மாத்திரையின் பெயரும், சாப்பிடும் நேரமும், கடைசி ஐ.என்.ஆர். அளவும் பெரிய எழுத்தில் இருக்கின்றன.