தள்ளுபடி வேறு, ஏட்டு நீக்கம் வேறு

நாடாளுமன்றத்தில் வாராக்கடன் பற்றிப் பதில் வரும்போதெல்லாம் 'வங்கிகள் இத்தனை லட்சம் கோடி கடன் தள்ளுபடி' என்று நம் செய்தித்தாள்கள் தலைப்புப் போட்டுவிடுகின்றன. பெரும்பாலும் அந்தப் பதிலில் இருப்பது தள்ளுபடியே அல்ல. வங்கிக்காரர்கள் 'ரைட் ஆஃப்' என்பார்களே, அது.

தள்ளுபடி, தள்ளு என்ற வினையோடு படி சேர்ந்த சொல். சாகுபடி, கட்டுபடி, வரும்படி வரிசையில் வைக்கலாம். கழிப்பது, வேண்டாம் என்று ஒதுக்குவது என்று பொருள். வேர் பற்றி இவ்வளவு போதும். அந்தச் சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலைதான் அதிகம். மாசி வீதி ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி என்றால் விலை குறையும். ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு தள்ளுபடி என்றால் கேட்டது கிடைக்கவில்லை. ஆக, 'கல்விக்கடன் தள்ளுபடி' நல்ல சேதி. 'கல்விக்கடன் மனு தள்ளுபடி' தலையில் துண்டு. இதையாவது வாசகர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ரைட் ஆஃபையும் அதே சொல்லில் திணித்தால் அவர் என்ன செய்வார்?

தவணை 90 நாளுக்குமேல் நிலுவையானால் அது வாராக்கடன். வங்கி அதற்காகத் தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கும். முழுத்தொகைக்கும் ஒதுக்கி முடித்தபின், ஐந்தொகை (அதுதான் பேலன்ஸ் ஷீட்) சுத்தமாகத் தெரியட்டும் என்று கடனை அதிலிருந்து எடுத்துவிடும். அவ்வளவுதான். கிளையில் கணக்கு அப்படியே இருக்கும், வசூலும் நடக்கும், வாங்கியவரின் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையிலும் கறை விழும். வாங்கியவர் கட்ட வேண்டியது ஒரு ரூபாய்கூடக் குறையாது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர், மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் வாங்கியவர், இப்படியொரு தலைப்பைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "நம்ம கடனும் இதுல போயிருச்சுல்ல தம்பி?" என்றார். பாக்கியைப் பேசித் தீர்க்க மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் லோக் அதாலத் நோட்டீசும் அதே பையில்தான் இருந்தது. நோட்டீசில் அவர் பெயரும் உண்டு. கல்விக்கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. பதிலுக்குப் பெற்றோரை இணைக் கடனாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். வேலை கிடைக்காதது மகளுக்கு, பொறுப்பு இருவருக்கும். கல்லூரிக்கு மட்டும் ஒரு பொறுப்பும் இல்லை, அது கட்டணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டது. இந்த அநியாயத்தைத் தனியாகப் பேச வேண்டும்.

உண்மையான தள்ளுபடி எப்படி இருக்கும்? 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. விவசாயி கட்ட வேண்டாம். பாரம் அரசு கஜானாவுக்குப் போனது. கடன் இடம் மாறியது. ரைட் ஆஃபில் கடன் இடம் மாறுவதே இல்லை. லோக் அதாலத்தில் பேசி வட்டியைக் குறைக்கிறார்களே, அதைப் பகுதித் தள்ளுபடி என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ரைட் ஆஃபுக்குப் 'பதிவழிப்பு' என்றும் ஒரு சொல் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அழிப்பு என்றதும் பதிவே ஒழிந்தது போலத் தொனிக்கிறது, கிளையில் அது பத்திரமாக இருக்கும்போது. 'கடன் நீக்கம்' இன்னும் மோசம், தள்ளுபடியின் தம்பி. நீங்குவது கடன் அல்ல, ஐந்தொகை ஏட்டில் எழுதிய ஒரு வரி. அதனால் ஏட்டு நீக்கம் என்பேன். 'வங்கி கடனை ஏட்டிலிருந்து நீக்கியது' என்று படிப்பவர், "அப்ப கட்டணுமா, வேண்டாமா?" என்றாவது கேட்பார். தள்ளுபடி என்று படித்தவர் கேட்கமாட்டார்.

செய்தித்தாள் மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டால் ராத்திரி அவசரம் என்பார்கள், தலைப்பில் இடமில்லை என்பார்கள். தள்ளுபடிக்கு ஐந்து எழுத்து, ஏட்டு நீக்கத்துக்கு ஏழு.