கிரிவலம் போகும் முன் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

பௌர்ணமி முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் எங்கள் கிளினிக்கில் கூட்டம் ஏறும். வடசென்னையில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்ப்பதுதான் 18 வருஷமாக என் வேலை. திருவண்ணாமலை கிரிவலம் போய்க் காலில் காயத்தோடு திரும்பியவர்கள் மறுநாளே வந்துவிட்டால் எனக்கும் வேலை சுலபம், அவர்களுக்கும் செலவு குறைவு. ஆனால் வலித்தால்தானே வருவார்கள்? அவர்களுக்கு வலிப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன், சித்ரா பௌர்ணமி முடிந்து 11ஆம் நாள் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, 14 வருஷமாகச் சர்க்கரை, மாதம் தவறாமல் கிரிவலம் போகிறவர். அவராக வரவில்லை, மகள்தான் விடாப்பிடியாகக் கூட்டி வந்திருந்தாள். வீட்டில் டைல்ஸ் தரையில் அப்பா நடந்த இடமெல்லாம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரத் தடம், அதுவும் இடது கால் பட்ட இடத்தில் மட்டும் இருந்திருக்கிறது. தண்ணீர் என்று நினைத்துத் துடைத்திருக்கிறாள். மறுநாள் லேசாக வாடை வந்த பிறகுதான் அப்பாவை உட்கார வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது விரலுக்கு நேர் கீழே, காய்த்துப்போன தோலின் நடுவில் மிளகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். காய்ப்பை மெல்லச் சீவியதும் சீழ் வந்தது, இடுக்கியை உள்ளே விட்டால் நுனியில் எதுவோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் அரை அங்குலக் குச்சி. அன்னதானத்தில் பொங்கலும் சாம்பார் சாதமும் வைத்துக் கொடுப்பார்களே தைத்த இலை, அந்த இலையைக் கோத்திருக்கும் குச்சி. யாரோ சாப்பிட்டுப் போட்ட இலையிலிருந்து கழன்றது இவர் காலில் ஏறியிருக்கிறது. அதோடு மிச்ச தூரத்தையும் நடந்து, பஸ் ஏறி சென்னைக்கு வந்து, பத்து நாள் கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"ஒரு வலியும் இல்லை டாக்டர். 14 கிலோமீட்டர் நடந்தும் கால் வலிக்கவே இல்லை, எல்லாம் அண்ணாமலையார் அருள்" என்றார். அவருடைய பக்தியில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, நானும் அந்த மலையைச் சுற்றி வருகிறவன்தான். ஆனால் அந்தக் கால் வலிக்காமல் போனதற்குக் காரணம் வேறு. சீழ் எலும்பு வரை இறங்கியிருந்ததால் அந்த விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் நரம்புகள் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் முதல் அடி கால் விரல் நுனியில்தான் விழும், அங்கிருந்து சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். சிலருக்கு எரிச்சல் இருக்கும், மதமதப்பு இருக்கும், பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். அவர்களாவது டாக்டரிடம் வந்துவிடுவார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் உணர்ச்சி மட்டும் சத்தமில்லாமல் போய்விட்டவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. கால் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள்.

இதை முதலில் உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் ஊரில் வேலை செய்தவர். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளோடு பல வருஷம் இருந்தவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வலி தெரியாததால் படும் காயங்களால்தான் விரல்கள் போகின்றன என்று எடுத்துச் சொன்னார். பின்னாளில் அமெரிக்காவில் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்தினார். உணர்ச்சி உள்ளவர் நீண்ட தூரம் நடக்கும்போது, தமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே போவார். ஓரிடம் நோகிறது என்றால் எடை தானாக அடுத்த பக்கம் போகும், கல் குத்தினால் நொண்டுவார், கொப்புளம் வந்தால் உட்கார்ந்துவிடுவார். உணர்ச்சி போனவருக்கு இது எதுவும் நடக்காது. 14 கிலோமீட்டர் என்றால் சுமார் 20,000 அடி, ஒரு காலுக்கு 10,000. பத்தாயிரம் முறையும் எடை அதே இடத்தில் விழுந்தால் தோல் என்ன செய்யும்? உள்ளேயே கிழியும், வெளியே காய்ப்பு மூடியிருக்கும்.

இதில் தார் ரோட்டுச் சூடு வேறு. பௌர்ணமி திதி பகலிலேயே ஆரம்பித்துவிட்டால், கூட்டத்துக்கு முன் முடித்துவிடலாம் என்று சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானமே நடக்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் தார் 60 டிகிரி செல்சியஸ் வரை கூடக் காயும். அந்தச் சூட்டில் சில நொடியிலேயே தோல் வெந்துவிடும். மற்றவர்கள் "ஐயோ" என்று நிழலுக்கு ஓடுவார்கள், இவர் நிதானமாக நடந்துகொண்டிருப்பார். இரண்டு உள்ளங்காலும் அப்பளம் மாதிரி உப்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்குப் போகிறவர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி: மழை ஈரத்தில் மணிக்கணக்காக ஊறிய தோல் சீக்கிரம் வழன்றுவிடும்.

சரி, உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பைசா செலவு இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர், தம் ஆட்காட்டி விரல் நுனியால் உங்கள் கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, பூவைத் தொடுகிற மாதிரி ஒரு நொடி, இரண்டு நொடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, ஒரு விரலை ஒரு தடவைதான். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்லுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல். இரண்டிலோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, அந்தக் காலோடு வெறுங்காலில் மலை சுற்றக் கூடாது. டாக்டரிடம் போனால் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், அதிர்வு தெரிகிறதா என்று பயோதீசியோமீட்டரில் பார்ப்பார், காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி என்றும் பார்த்துவிடுவார். எல்லாம் அரை மணி நேர வேலை. கிளாம்பாக்கத்தில் எத்தனை மணிக்கு பஸ், பீச் ஸ்டேஷன் ரயிலில் இடம் கிடைக்குமா, எந்த லாட்ஜில் ரூம் என்று பத்து நாள் முன்பிருந்தே விசாரிக்கிறோம், அந்தப் பத்து நாளில் இதற்கு ஒரு அரை மணி ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆரம்பத்தில் நான் எல்லோரிடமும் "கிரிவலமா? போகவே கூடாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்றால், என்னிடம் சொல்லாமல் போக ஆரம்பித்தார்கள். மகனுக்கு வேலை கிடைத்தால் 12 பௌர்ணமி சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்ட ஒரு அம்மாவிடம் டாக்டர் பேச்சு எடுபடுமா? போய்விட்டு வந்த பிறகு, திட்டு விழும் என்று காயத்தை மறைத்தார்கள். அந்த மறைத்த நாட்களில்தான் விரல்கள் போயின. இப்போது நான் அப்படிச் சொல்வதில்லை. எப்படிப் போகலாம் என்று உட்கார்ந்து பேசுகிறேன்.

காலில் ஆறாத புண் இருக்கிறது, அல்லது ஒரு கால் மட்டும் காரணம் தெரியாமல் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது என்றால் மட்டும், போக வேண்டாம் என்று கெஞ்சியாவது சொல்வேன். ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆனவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. நெஞ்சு வலியும் சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் தெரியாது, மூச்சு வாங்குவதும் குளிர்ந்த வியர்வையும் மட்டும்தான் வரும். அப்படி வந்தால் அதே இடத்தில் உட்கார்ந்து 108ஐக் கூப்பிடுங்கள்.

உணர்ச்சி குறைந்திருக்கிறது, புண் இல்லை என்பவர்களுக்குச் செருப்புதான் முதல் பேச்சு. "செருப்பு போட்டு எப்படி சாமி சுற்றுவது?" என்று எல்லோரும் கேட்பார்கள். தோல் வேண்டாம் என்றால் துணி ஷூ இருக்கிறது, எம்சிஆர் என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பும் இருக்கிறது, அது தொழுநோய் மருத்துவத்திலிருந்து நமக்கு வந்தது, அடிப்பாதத்து அழுத்தத்தைப் பரத்திவிடும். வழியில் வரும் லிங்கக் கோயில்களுக்குள் போகும்போது மட்டும் கழற்றி வையுங்கள், சாக்ஸோடு உள்ளே போய்க் கும்பிட்டு வந்து மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸ் வெள்ளையாக இருக்கட்டும், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். கிரிவலத்துக்கு என்றே புதிதாக வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு போகாதீர்கள், மூன்று வாரமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். நடையும் அப்படித்தான். தினமும் தெருமுனைக் கடை வரைக்கும்தான் நடப்பேன் என்பவர் ஒரே ராத்திரியில் 14 கிலோமீட்டர் போகக் கூடாது. ஆறு வாரம் முன்பே ஆரம்பித்து, மெரினா நடைபாதையிலோ உங்கள் பேட்டைப் பூங்காவிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஷூ போட்டுத்தான், வெறுங்காலில் மணலில் வேண்டாம்.

பௌர்ணமி அன்றுதான் போக வேண்டும் என்றும் இல்லை. எந்த நாளும் அண்ணாமலையைச் சுற்றலாம். கூட்டம் இல்லாத ஒரு வார நாளில், விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் தரை குளிர்ந்திருக்கும், கால் வைக்கும் இடம் தெரியும், இலையும் உடைந்த பாட்டிலும் மிதிபடாது. நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களே, அது நெருக்கியடிக்கும் கூட்டத்தில் முடிகிற காரியமா? முழுச் சுற்று முடியாதவர்கள் ஆட்டோவில் சுற்றி, லிங்கத்துக்கு லிங்கம் இறங்கிக் கும்பிடலாம். திருக்கழுக்குன்றத்திலும் பௌர்ணமி கிரிவலம் உண்டு, சுற்று சின்னது, சென்னைக்கும் பக்கம்.

வழியில் யம லிங்கம், ஆதி அண்ணாமலை, குபேர லிங்கம், இந்த மூன்று இடத்திலும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் செல்போனை அடியில் நீட்டி ஒரு படம் எடுங்கள். ஷூவையும் தலைகீழாகத் தட்டுங்கள், சின்னக் கல் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் தாழ்சர்க்கரை. விரதம் என்று காலையிலிருந்து சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் நிறையப் பேர். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளைகிளசைடு சாப்பிடுபவர்களும் இதில் மாட்டுவார்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு பட்டினியும் தண்ணீர் குடிக்காமையும் சேர்ந்தால் அது வேறொரு ஆபத்து. அன்றைக்கு எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். கிளம்பும் முன் சர்க்கரையைப் பாருங்கள், 100க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டு நடங்கள். நடுவில் கை நடுக்கம், வியர்வை, தலை கிறுகிறுப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிஷம் உட்கார்ந்து, மறுபடி பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நடந்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கும். திரும்பி வரும் பஸ்ஸில் அசந்து தூங்குகிறார் என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துக்கொண்டிருப்பார். செஞ்சி, திண்டிவனம் வரும்போது ஒரு தடவை எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வோம்? வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு, காலை வைத்துக்கொண்டு அப்பாடா என்று உட்காருவோம். தயவுசெய்து வேண்டாம். 14 கிலோமீட்டரில் ஒன்றும் ஆகாத காலை வீட்டு வாளியில் வேகவைத்துக்கொண்டு வந்தவர்களின் பெரிய பட்டியலே என்னிடம் உண்டு. சூடு தெரியாத காலுக்கு வெந்நீர் எவ்வளவு சூடு என்று எப்படித் தெரியும்? சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்தால் போதும். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள், மஞ்சள் அப்பாதீர்கள், காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள், கால் ஆணிக்கு விற்கும் கார்ன் கேப் பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். சுத்தமான துணியால் மூடி மறுநாளே டாக்டரிடம் போங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் ஒரு வாரம் தினமும் இரண்டு வேளை உள்ளங்காலைப் பாருங்கள், பாதம் எங்காவது மற்ற இடத்தை விடச் சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டும் பாருங்கள்.

விரலை எடுத்த அந்த ஐயாவுக்குக் காயம் ஆற நான்கு மாதம் ஆயிற்று. ஆறியதும் முதலில் கேட்டது, "எப்போ போகலாம் டாக்டர்?" அவர் பாதத்துக்கு அளவெடுத்து ஒரு துணி ஷூ செய்து, மூன்று மாதம் நடக்க வைத்தேன். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மகளோடு போய்ப் பாதி தூரம் நடந்து, ஆதி அண்ணாமலையில் கும்பிட்டு, மீதியை ஆட்டோவில் முடித்துவிட்டு வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கிளினிக்கில் இருந்தார். விபூதிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே குனிந்து வெள்ளைச் சாக்ஸைக் கழற்றி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி என்னிடம் நீட்டினார்.