தீக்காயத்தின் மேல் பற்பசை பூசாதீர்கள்

தீக்காயப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் எத்தனையோ பேரிடம் நேரில் சொல்லியும் பயனில்லை. கொதிக்கும் ரசம் கையில் கொட்டிய குழந்தையைச் சென்ற வாரமும் முழங்கைவரை பற்பசை அப்பித்தான் தூக்கி வந்தார்கள். காய்ந்து ஓடாகிவிட்ட பசையை உப்பு நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுத்தபோது கொப்புளத் தோலும் சேர்ந்தே உரிந்தது. "பூசினதும் குளுகுளுன்னு இருக்குமே டாக்டர்" என்றார் பாட்டி.

அந்தக் குளிர்ச்சிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பற்பசையிலுள்ள மெந்தால், குளிரை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டிவிடுகிறதே தவிர, தோலிலிருந்து சூட்டை எடுப்பதில்லை. ரசத்தைத் துடைத்துவிட்டால் சூடு போய்விட்டது என்று நினைப்பதும் தவறு. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்லும் என்பதால், மேல்தோலில் ஏறிய வெப்பம் அடுத்துள்ள உள்தோலுக்கு இறங்கி, துடைத்த பிறகும் சற்று நேரம் திசுக்களைச் சுட்டுக்கொண்டேயிருக்கும். அதை வெளியே இழுக்க வேண்டுமானால், தோலைவிடக் குளிர்ந்த ஒன்று தொட்டு, வெப்பத்தை வாங்கிக்கொண்டு விலகி, அந்த இடத்துக்குப் புதிதாக வந்துகொண்டேயிருக்க வேண்டும். ஓடும் குழாய்த் தண்ணீர் செய்வது இதைத்தான். பற்பசையும் இட்லி மாவும் வெண்ணெயும் ஓடுவதில்லை; சிறிது நேரத்தில் தாமும் சூடாகி, போர்வையைப் போல வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவைக்கின்றன. பேனா மை பூசி வந்தாலோ, நிறத்தைப் பார்த்துக் காயத்தின் ஆழத்தைக் கணிக்கும் எங்கள் வேலையும் கெடுகிறது.

ஐஸ் கட்டியும் வேண்டாம். கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, பிழைத்திருக்க வேண்டிய திசுவும் செத்துவிடும்.

"ஆவிதானே பட்டது" என்று தாமதமாக வருபவர்களும் உண்டு. ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது ஏறத்தாழ 260 ஜூல் வெப்பத்தைத் தோலுக்குத் தரும். அதே 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீராவியோ, நீராக மாறும்போதே ஏறத்தாழ 2,260 ஜூலைக் கூடுதலாகக் கொட்டிவிடும். ஆகவே குக்கரின் அழுத்தம் முழுவதும் அடங்காமல் மூடியைத் திறக்காதீர்கள். குளியலறை ஹீட்டரையும் ஒருமுறை கவனியுங்கள்: 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும், குழந்தையின் தோல் அதனினும் மெல்லியது.

சுட்டவுடன் மோதிரம், வளையல், ஒட்டிக்கொள்ளாத துணி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, காயத்தைக் குழாயடியில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடம் போதாது. உடனே செய்ய இயலாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. குழந்தையானால் காயம்படாத உடம்பைத் துணியால் போர்த்துங்கள், குளிரில் நடுங்க விடாதீர்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். முகம், கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தால் காயம் சிறிதாகத் தோன்றினாலும் வாருங்கள். பாட்டிமாரிடமும் வேலைக்கு வரும் அக்காவிடமும் இதை இன்றே சொல்லிவையுங்கள், ஏனென்றால் பகலில் குழந்தையோடு அடுக்களையில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.