கோச்சிங்: பயிற்சியா, வழித்துணையா?

ஹங்கேரியில், வியன்னாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் இடையிலான பழைய பாதையில் கோச் என்றொரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த ஊரில் செய்த குதிரை வண்டி, இலகுவாக ஓடும் என்று பேர் வாங்கியது. 'கோச் ஊர் வண்டி' என்ற பொருளில் அதைக் 'கோச்சி' என்றார்கள். வண்டி போன இடமெல்லாம் பெயரும் போனது. ஜெர்மனில் 'குட்ஷே', ஸ்பானியத்தில் 'கோச்சே', ஆங்கிலத்தில் 'கோச்'. ஹங்கேரியர்கள் இன்றைக்குக் காரையும் கோச்சி என்றுதான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் ரயிலைக் கோச்சி என்பதும், நாம் டிக்கெட்டில் கோச் எண் தேடுவதும் இந்த ஊர்ப்பெயரின் மிச்சம்தான்.

வண்டி எப்படி ஆளானது? 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வில் தேற்றிவிடும் தனி ஆசிரியரைப் பேச்சுவழக்கில் 'கோச்' என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுகிறவர் என்று பொருள். அந்த நூற்றாண்டிலேயே சொல் விளையாட்டு மைதானத்துக்கும் வந்துவிட்டது.

நமக்கு இந்தச் சொல் தேர்வு, விளையாட்டு இரண்டின் வழியாகவே பழகியதால், கோச்சிங் என்றால் பயிற்சி என்று எழுதிவிட்டோம். கிரிக்கெட்டுக்கு அது சரி. வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர், துணையை இழந்து தனியாக வாழப் பழகுகிறவர் ஆகியோருக்கான கோச்சிங்கையும் 'வாழ்க்கைப் பயிற்சி' என்று எழுதும்போதுதான் எனக்கு இடிக்கிறது. பயிற்றுகிறவருக்கு விடை தெரியும், நமக்குத் தெரியாது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வேலை அப்படி நடப்பதில்லை.

1970களில் அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் திமோதி கால்வே இதைக் களத்திலேயே கண்டுகொண்டார். கையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று சொல்லச் சொல்ல ஆட்டக்காரர் இறுகிப்போகிறார். அதனால் பந்து தரையில் பட்டதும் 'பவுன்ஸ்', மட்டையில் பட்டதும் 'ஹிட்' என்று சொல்லிக்கொண்டு ஆடச் சொன்னார். கவனம் பந்தின் மேல் போனது, கை தானாகத் திருந்தியது. இன்று மனிதர்களின் மாற்றத்துக்குத் துணைநிற்கும் கோச்சிங்கின் முக்கியமான வேர்களில் இதுவும் ஒன்று.

என் தங்கை 6 வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைத்தாள். இன்டர்வியூ என்றாலே பயம். கோச்சிங் தரும் ஒரு அம்மாவிடம் போனில் பேசிவந்தாள். அவர் இன்டர்வியூ பற்றி ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. "வேலை கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். முதல் திங்கட்கிழமை காலை 8.30க்கு வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டார். தங்கை சொல்லிக்கொண்டே வந்தாள்: குக்கர், யூனிஃபார்ம், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன் ஹாரன். அந்த டிபன் பாக்ஸை யார் கட்டுவார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எப்போது பேசப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா. "இன்னைக்கு ராத்திரி, பையன் தூங்கினதும் மேடம்" என்றாள். அடுத்த வாரப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

இதில் பயிற்சி எங்கே இருக்கிறது? ஒரு கேள்வி, காத்திருக்கும் பொறுமை, அப்புறம் சொன்னதைச் செய்தாளா என்று அடுத்த வாரம் விசாரிக்கும் அக்கறை. இவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கோச்சை 'ஆற்றுப்படுத்துநர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல். ஆறு என்றால் வழி. ஆனால் ஆற்றுப்படை என்ற பழந்தமிழ்ப் பாட்டுவகையில் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு எந்த வள்ளலிடம் போவது, எப்படிப் போவது என்று தான் போய்வந்த வழியையே சொல்கிறான். அது அனுபவசாலியின் வழிகாட்டல். இங்கே போகிற ஊரைத் தீர்மானிப்பவர் பயணிதான். கவுன்சலிங்கும் வேறு. மனக்காயத்தை ஆற்றும் வேலை அது. இலங்கைத் தமிழர் அதை 'உளவளத்துணை' என்கிறார்கள். தூக்கமின்றி, சாப்பாடு இறங்காமல் தவிப்பவரைக் கோச்சிடம் அனுப்பக் கூடாது, மருத்துவரிடம்தான் அழைத்துப் போக வேண்டும்.

நான் 'வழித்துணை' என்பேன். வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். கள்வர் பயத்தோடு போன மிளகு வணிகருக்குத் துணையாக வந்தார் என்கிறது தலபுராணம். ஊரும் சரக்கும் வணிகருடையவை, கூடவருவது மட்டுமே இவர் வேலை. கோச் கிராமத்து வண்டியும் நம் சொல்லும் சந்திக்கும் இடம் இதுதான்: இரண்டுமே பயணத்துக்கு உதவுகின்றன.

மைதானத்தில் பயிற்சியாளர், தேர்வுக்குத் தனிப்பயிற்சி. அவை அப்படியே இருக்கட்டும். வாழ்க்கை திசை மாறும்போது கூடவருபவர் வழித்துணைவர். "ரிட்டையர் ஆனபிறகு 6 மாதம் ஒரு வழித்துணைவரிடம் பேசிவந்தேன்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கூச்சமில்லாமல் வருகிறது.