'மைன்' என்பதற்குத் தமிழில் என்ன? – உடைமை மாற்றுப்பெயர்

எங்கள் வீட்டுப் பிள்ளை ஆங்கில நோட்டில் 'திஸ் பேக் இஸ் மை' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அடித்து 'மைன்' என்று திருத்தியிருந்தார்கள், காரணம் சொல்லவில்லை. "தமிழில் 'இந்த பேக் என்னோட' என்று நிறுத்துவாயா?" என்றேன். "என்னோடது" என்றாள். அந்தத் 'து'தான் மைன்.

மைன் போன்ற சொற்களை ஆங்கில இலக்கணம் பொசஸிவ் ப்ரோனவுன் என்கிறது. இது இலத்தீன் வழி வந்த பெயர். 'ப்ரோ' என்றால் பதிலாக, 'நோமென்' என்றால் பெயர், 'போசிதேரே' என்றால் தன்வசம் வைத்திருத்தல். மைன், யுவர்ஸ், ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் ஆகியவை தனித்து நிற்கும்; 'ஹிஸ்' மட்டும் பெயருக்கு முன்னாலும் வரும். மை, யுவர் முதலியவற்றுக்குப் பின்னால் ஒரு பெயர் வந்தாக வேண்டும். மையும் மைனும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல், 'மீன்'. மெய்யொலிக்கு முன்னால் 'ன்' உதிர்ந்து மை ஆனது. உயிரொலிக்கு முன்னால் 'மைன் ஐஸ்' என்று நெடுங்காலம் நின்றது. 'இட்ஸ்' இன்னும் பிந்தியது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் உப்பு இழப்பது 'இட்ஸ்' சாரத்தை அல்ல, 'ஹிஸ்' சாரத்தைத்தான்.

தமிழில் இதை உடைமைப் பிரதிப்பெயர் என்று எழுதுவோர் உண்டு. உடைமை மாற்றுப்பெயர் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'என்னுடையது' என்பதற்குள்ளேயே அந்த 'உடை' இருக்கிறதே! நம் இலக்கணத்தில் இதன் இடம் ஆறாம் வேற்றுமை, அதன் பொருள் 'கிழமை', அதாவது உரிமை. அருமையான சொல்தான், ஆனால் இன்று அது ஞாயிறு, திங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. உடைமைப்பொருள் ஒன்றா பலவா என்றுகூட நன்னூல் பார்க்கிறது: எனது கை, என கைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மைதான்.

மொழிபெயர்க்கும்போது இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். ஒன்று, 'அவர்ஸ்'. கேட்பவரும் சேர்ந்தால் நம்முடையது, சேராவிட்டால் எங்களுடையது. ஆங்கிலச் சொல் இதைக் காட்டாது, சூழலைப் பார்த்தே எழுத முடியும். மற்றது, ஆட்களைப் பற்றி வரும் 'மைன்'. 'தட் பாய் இஸ் மைன்' என்பதை 'அந்தப் பையன் என்னுடையது' என்று எழுதினால் பெற்ற பிள்ளை பண்டமாகிவிடும். 'அது' உருபு அஃறிணை உடைமைக்கு உரியது. 'எனது மகன்' என்பதையே பழைய இலக்கணம் ஏற்பதில்லை. அங்கே 'அவன் என் மகன்' என்றுதான் எழுத வேண்டும்.